கணவருக்கு ஒரு குப்பி

தமிழில் 'குடி' என்றால் குடும்பம், குலம், நாட்டு மக்கள், அருந்துவதும் குடிதான். திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' 93ஆம் அதிகாரம், 'குடிமை' 96ஆம் அதிகாரம். இரண்டையும் ஒரே பருவத்தில் நடத்தும் ஆண்டுகளில் கடைசி வரிசை மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். நானும் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

என் கணவர் பணியில் சேர்ந்து இந்த ஆண்டோடு இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்தன. அவருக்கு ஒரு நல்ல விஸ்கி வாங்கித் தரவேண்டும் என்று நான் முடிவுசெய்ததைத் துறைத் தோழி ஒருவரிடம் சொன்னபோது, "நீங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்ததெல்லாம் எனக்குப் புரிந்தது. சாராய நெடியோடு வளர்ந்தவள் நான். சுங்குவார்சத்திரத்தை அடுத்த கிராமம். 1981இல் மதுவிலக்குத் தளர்ந்து சாராயக் கடைகள் திறந்தன. 1987இன் தொடக்கத்தில் சாராயமும் கள்ளும் தடைசெய்யப்பட்டபோது எனக்கு எட்டு வயது. கடை மூடிய செய்தி கேட்டு அம்மா அன்று வாசலில் பெரிய கோலமாகப் போட்டது நினைவிருக்கிறது. அப்பா அடுத்த மாதமே பிராந்திக் கடைக்கு வழி கண்டுபிடித்துவிட்டார். 1995இல் போய்ச் சேர்ந்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

கணவர் வேறு வகை. ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையொன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். ஆண்டுக்கு நான்கைந்து முறை, யாராவது நண்பர் வீட்டில், ஒரு கோப்பை. வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. நான் கேட்டுக்கொண்டதில்லை, திருமணத்துக்கு முன் என் அம்மாவின் முகத்தைப் பார்த்து அவராகவே எடுத்துக்கொண்ட முடிவு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கடைப்பிடித்திருக்கிறார். அந்த மௌனத்துக்குத்தான் ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது. கைக்கடிகாரம், சட்டை, இருசக்கர வாகனம் எதுவும் அதற்கு ஈடாகாது.

2012இல் நிறுவனம் அவரை ஆறு வாரப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர் சொன்ன கதைகளில் ஒன்று என் மனத்தில் தங்கிவிட்டது. வேலை முடிந்து குழுவாக உணவகத்துக்குப் போவார்களாம். விஸ்கியில் நிறையப் பனிக்கட்டியும் சோடாவும் சேர்த்து உயரமான கண்ணாடிக் குவளையில் தருவார்கள். பீரோ சாக்கேயோ புட்டியில் வந்தால், தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்வது அங்கே மரியாதையில்லை. பக்கத்திலிருப்பவர் கவனித்து ஊற்றவேண்டும், நாம் அவருக்கு ஊற்றவேண்டும். "நம்ம ஊர்ல அவனவன் ஊத்திக்கிட்டு அவனவன் சுவத்தப் பாத்துக் குடிக்கிறான். அங்க அடுத்தவன் கிளாஸ் காலியாயிருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். அதியமானை இழந்து ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலை (235ஆம் பாட்டு) எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. கள் சிறிதளவே கிடைத்தால் முழுவதையும் எங்களுக்கே தந்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் உண்டு பாட எஞ்சியதைத் தான் உண்டு மகிழ்வான் என்று ஔவை தொடங்குகிறாள். ஒரு மன்னனின் பெருமையை அவன் வென்ற போர்களைக் கொண்டு சொல்லாமல், கள்ளை எப்படிப் பகிர்ந்தான் என்பதிலிருந்து தொடங்குகிறாள். பகிர்வதற்கான குடிக்கும் மறைவதற்கான குடிக்கும் வேறுபாடு அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சங்கப் பாடல்களில் மதுவுக்குத்தான் எத்தனை பெயர்கள்! கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி. மூங்கில் குழாயில் இட்டு முதிரவைத்த தேறலைப் பற்றிய குறிப்புகள் உண்டு. பல நாள் புளித்துக் கடுமையேறியதற்குத் தேள் கொட்டியதை உவமை சொன்னதும் ஔவைதான். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர மன்னன் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடுகிறார். அயல்நாட்டுச் சரக்கின்மீது நமக்குள்ள மோகம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று வகுப்பில் சொன்னால் பெற்றோர் புகார் எழுதுவார்கள். கம்பன் பாலகாண்டத்தில் உண்டாட்டுப் படலம் என்று ஒரு படலமே வைத்திருக்கிறான். பாடத்திட்டக்காரர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. நம் அரசு ஆவணங்களில் புழங்கும் 'இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு மதுவகை' என்ற தொடரை இலக்கண ஆசிரியையாக நான் வெகுகாலம் ரசித்திருக்கிறேன். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் வாழ்பவர்களுக்கு அந்தத் தொடர் முரணாகத் தோன்றக் காரணமில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். இராமானுசர் பிறந்த ஊரில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து சற்றுத் தொலைவிலேயே, கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை தாங்கிய உணவகங்கள். இங்கே எல்லாமே இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு வகைதான், எங்கள் வருமானம் உட்பட.

விஸ்கி விஷயத்தில் அந்தத் தொடருக்கு ஒரு வேதியியல் பொருளும் இருக்கிறது. இந்தியாவில் விற்பனையாகும் மலிவான விஸ்கிகளில் பெரும்பாலானவை கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்தில் நிறமும் மணமும் சிறிது மால்ட்டும் சேர்த்தவை. ஐரோப்பாவில் அவற்றை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. தானியத்திலிருந்து வடித்து, மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. 'சிங்கிள் மால்ட்' என்றால் முளைகட்டிய பார்லி மட்டுமே, ஒரே வடிசாலையில் செய்தது. குப்பியின்மேல் '12 ஆண்டு' என்று போட்டிருந்தால் அதில் கலந்தவற்றுள் மிக இளையதற்கு வயது பன்னிரண்டு என்று பொருள். வயது கூடினால் விலை கூடும். சுவை கூடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இதையெல்லாம் இரண்டு வாரம் இரவில் படித்துத் தெரிந்துகொண்டேன். உரையாசிரியர்களைப் படித்த பழக்கம் எதற்கும் உதவும்.

முதலில் ஜப்பானிய விஸ்கியைத்தான் நினைத்தேன். தகெட்சுரு மசாதகா என்ற இளைஞர் 1918இல் ஸ்காட்லாந்து சென்று கிளாஸ்கோவில் வேதியியல் படித்து, வடிசாலைகளில் தொழில் பழகி, ரீட்டா கோவன் என்ற பெண்ணை 1920இல் மணந்துகொண்டு ஊர் திரும்பினார். இரு வீட்டாருக்கும் உடன்பாடில்லை. 1934இல் வடக்கே யோய்ச்சியில் சொந்த வடிசாலை தொடங்கினார். ரீட்டா போர்க்காலத்தில் அந்நியப் பெண்ணென்று சந்தேகிக்கப்பட்டும் அங்கேயே வாழ்ந்து 1961இல் இறந்தார். மனைவி பங்கெடுத்த விஸ்கி என்பதால் என் நோக்கத்துக்குப் பொருந்தும் என்று பட்டது. விலையைப் பார்த்தேன். கல்லூரி ஆசிரியையின் ஊதியத்துக்கு அந்தக் காதல் கதை எட்டாதது. அதோடு, ஜப்பானில் விற்கப்படுவனவற்றிலேயே வெளிநாட்டுச் சரக்கைக் கொண்டுவந்து அடைத்தவை கலந்திருந்ததால், 2021இல் அங்குள்ள உற்பத்தியாளர் சங்கமே தனி வரையறை வகுக்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு எளிய வழி தோன்றியது. அவருக்கு எந்த விஸ்கி பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் என்ன உணவு பிடிக்கும் என்பது தெரியும். நெருப்பில் சுட்ட கத்தரிக்காய்த் துவையல். விறகடுப்பில் வைத்த பொங்கலின் அடிப்புகை. பால் சேர்க்காத தேநீர். இனிப்பு என்றால் பனைவெல்லம் மட்டும். ஸ்காட்லாந்தில் பார்லியை உலர்த்த, சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் மக்கி உண்டான 'பீட்' என்ற எரிபொருளைச் சில வடிசாலைகள் பயன்படுத்துகின்றன. அந்தப் புகைமணம் கடைசிவரை தங்கும். ஆகவே புகை வேண்டும், ஆனால் மிகையாக வேண்டாம். இந்த அளவுகோலோடு தேடியபோது பெங்களூர் வந்து சேர்ந்தேன்.

அம்ருத் நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டது. தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் முதன்முதலில் கிளாஸ்கோவில்தான் வெளியிட்டது. ஸ்காட்லாந்துக்காரனிடம் போய் விஸ்கி விற்ற துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. அவர்களுடைய 'ஃபியூஷன்' இந்தியப் பார்லியும் புகையூட்டிய ஸ்காட்லாந்துப் பார்லியும் கலந்தது. ஜிம் மர்ரி தமது 2010ஆம் ஆண்டு விஸ்கி நூலில் அதை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாகக் குறித்தார். தரவரிசைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. என்னை ஈர்த்தது வேறொரு தகவல். பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகிப் போகும் பகுதியை 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் அது ஏறத்தாழ 2 விழுக்காடு. பெங்களூர் வெயிலில் 10 முதல் 12 விழுக்காடு. நம் ஊர்த் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். அதனால் இங்கே விஸ்கி விரைவில் முதிர்கிறது, விரைவில் தீர்ந்தும் போகிறது. இருபது ஆண்டு காத்திருந்தால் பீப்பாயில் மரவாசனைதான் மிஞ்சும்.

எங்கே வாங்குவது என்பது தனிச் சிக்கல். 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம்தான். ஷிஃப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்துகள் ஆட்களை இறக்கிவிடும் நேரத்தில் எங்கள் பக்கத்துக் கடைகளில் நிற்பவர்களில் பலர் என் பழைய மாணவர்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களாக எட்டு மணிநேரம், சில நாட்களில் பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலைசெய்தவர்கள். அவர்கள் முன்னால் போய் நிற்க எனக்கு வெட்கமில்லை. என்னைக் கண்டு அவர்கள் கூசி விலகுவார்களே என்பதுதான் தயக்கம். சென்னையில் 'எலைட்' கடையொன்றுக்கு ஒருமுறை போனேன். அங்கே அலமாரியிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருந்த ஐந்து நிமிடமும் விற்பனையாளர் என்னை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் தேடியதும் இல்லை.

கோலாலம்பூரில் நடந்த கருத்தரங்கிலிருந்து திரும்பும் வழியில், சென்னை விமான நிலையத்தின் தீர்வையில்லாக் கடையில்தான் கிடைத்தது. வருகிற பயணி இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம். ஒரு கையில் கட்டுரைத் தொகுப்பு, மறு கையில் குப்பி. பின்னால் நின்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் தன் கூடையைச் சற்று மறைத்துக்கொண்டார். நான் மறைக்கவில்லை.

அம்மா எங்களோடு இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் கொடுப்பது முறையாகாது என்பதால் முதலில் அவரிடம்தான் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். அட்டைப்பெட்டியைத் தடவினார்.

"இது எவ்ளோ நாளைக்கு வரும்?"

"ஒரு வருஷம் வரும்மா. அதுக்கு மேலயும் வரும்."

"உங்கப்பாவுக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் வராது" என்றார். பிறகு, "மாப்ள சாப்பிட்டுட்டுக் குடிப்பாரா, சாப்பிடாமயா?" என்று கேட்டார். சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்றேன். எழுந்து போய் வேர்க்கடலையை மண்சட்டியில் போட்டு வறுக்கத் தொடங்கினார்.

அன்றிரவு கணவர் குப்பியை உடனே திறக்கவில்லை. கண்ணாடி அணிந்துகொண்டு, தொழிற்சாலையில் உதிரிபாகத்தைச் சோதிப்பதுபோல் முத்திரையையும் தொகுதி எண்ணையும் பார்த்தார். 50 விழுக்காடு என்பதைப் படித்து, நம் ஊரில் வழக்கமாக 42.8தான் இருக்கும், இதற்குத் தண்ணீர் சேர்க்கவேண்டும் என்றார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ஊத்துங்க மாப்ள, ஒண்ணுமில்ல" என்றார் அம்மா. ஊற்றவில்லை. கோப்பையை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் கோப்பையைத் தானே நிரப்பக்கூடாது என்பது எனக்கு நினைவுக்கு வரச் சற்று நேரமாயிற்று.

சுட்ட கத்தரிக்காய் மணம் வருவதாகத்தான் சொன்னார். எனக்குச் சாராய நெடிதான் வந்தது. அதையும் அவரிடம் சொன்னேன். குப்பி இப்போது புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அம்மா தினமும் காலையில் பெருக்கும்போது குனிந்து அதன் மட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்.