மொட்டை மாடி ஏசிக்கு யார் பில்?

ரியாத், 2025

ஜூலை 1, செவ்வாய்

கரண்ட் பில் வந்துவிட்டது. மீட்டர் வாடகை நீங்கலாக 755 ரியால் 55 ஹலாலா. போன மாதம் 445தான். மீட்டர் கட்டட முதலாளி பெயரில் இருக்கிறது. எஸ்எம்எஸ் அவருக்குப் போகும். அவர் கட்டடக் காவலாளியான ஹாரிஸுக்கு அனுப்புவார். ஹாரிஸ் எங்கள் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார். கணக்கு எண்ணைப் போட்டு சதாத் என்ற பில் கட்டும் முறை வழியாக வங்கி ஆப்பில் கட்ட வேண்டியது எங்கள் வேலை. யார் பெயர், யார் செலவு என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. குடியிருப்பவன் கட்டுவான், அவ்வளவுதான்.

நாங்கள் ஐந்து பேர், மூன்று அறை, மூன்று ஜன்னல் ஏசி. தலைக்கு 89 ரியால் என்றிருந்தது 151 ஆகிவிட்டது. ஊருக்கு அனுப்பும் கணக்கில் பார்த்தால் கூடுதல் மட்டும் 1,400 ரூபாய்க்கு மேல். ராத்திரி சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவரவர் மனதில் ஒரு பெயர் ஓடியது முகத்திலேயே தெரிந்தது.

ஜூலை 2, புதன்

வேலையில் ஸ்டோர்ஸ் கணக்கு பார்க்கிற புத்தி சும்மா இருக்காது. யூனிட்டை எடுத்து எழுதிப் பார்த்தேன். போன மாதம் 2,150 யூனிட். இந்த மாதம் 3,650. வித்தியாசம் 1,500, நாளுக்கு 50 யூனிட். வெயில் ஏறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. போன வருடம் ஜூன் பில்லைத் தேடி எடுத்தேன்: 2,200 யூனிட். அப்போதும் இதே ஐந்து பேர், இதே மூன்று ஏசி.

ஒன்றரை டன் ஜன்னல் ஏசி ஒன்று கம்ப்ரஸர் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 1.8 யூனிட் இழுக்கும். நின்று நின்று ஓடுவதையும் சேர்த்தால் நாளுக்கு 22, 25 யூனிட். அப்படியானால் வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு ஏசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் ஐந்து பேரில் மூத்தவரான காயல்பட்டினத்துக் காக்கா இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல். பத்தா பகுதியில் ஒரு துணிக்கடையில் இருக்கிறார். அவர் பழைய கதை சொன்னார். 2018 ஜனவரிக்கு முன்னால் முதல் 2,000 யூனிட்டுக்கு யூனிட் 5 ஹலாலா, அடுத்த 2,000க்கு 10 ஹலாலா. அந்தக் கணக்கில் எங்கள் 3,650 யூனிட்டுக்கு 265 ரியால்தான் வந்திருக்கும். இப்போது 6,000 யூனிட் வரை 18 ஹலாலா, அதைத் தாண்டினால் 30. அதன் மேல் வாட் வரி. 2018இல் 5 சதவீதமாக வந்தது, 2020 ஜூலையில் 15 ஆனது. கட்டணம் ஏறியபோது சவூதிக் குடிமக்களுக்கு அரசாங்கம் ஈடாக மாதாமாதம் பணம் போட்டது. வெளிநாட்டுக்காரரான நமக்கு அதற்குச் சில மாதம் முன்பே குடும்பத்தில் ஒரு தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. அது வருடா வருடம் ஏறி 400இல் வந்து நிற்கிறது. காக்கா குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு இந்த பேச்சிலர் ரூமுக்கு வந்தது அப்போதுதான்.

ஜூலை 4, வெள்ளி

ஜும்ஆ முடிந்து பிரியாணி. பிரியாணி முடிந்து சண்டை.

எங்களில் தஞ்சாவூர்க்காரர் ஆரம்பித்தார். திருச்சித் தம்பிக்கு ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட், பகலெல்லாம் தூங்குகிறான், பகல் வெயிலில் அவன் ஏசி 18இல் ஓடுகிறது, ஆகவே அவன்தான் கூடக் கட்ட வேண்டும் என்றார். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. “ராத்திரி என் ரூம்ல ஏசியே ஓடறதில்லண்ணே, அதை யாராவது கழிச்சீங்களா? நீங்க இண்டக்ஷன்ல டீ போடற கணக்கை நான் கேட்டேனா?” என்று அவன் திருப்பிக் கேட்டான். ஹீட்டர் வரை பேச்சு போயிற்று. ஹீட்டரை ஏப்ரலிலேயே அணைத்துவிட்டோம். இந்த மாதங்களில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது; குளிர்ந்த குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும், அணைத்துக் கிடக்கும் ஹீட்டர் தொட்டியிலிருந்துதான் கை வைக்கக்கூடிய தண்ணீர் வரும். வளைகுடாவில் ஒரு கோடையைக் கழித்தவனுக்கு இந்தத் தலைகீழ் பழகியிருக்கும்.

தென்காசி அண்ணன் ஏசி மெக்கானிக். இந்த சீசனில் அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். இத்தனையையும் கேட்டுவிட்டு, “ஒருத்தனை ஒருத்தன் ஏன் கடிக்கீய? நாளைக்கு ராத்திரி மீட்டர்கிட்டயே கேட்டுருவோம்” என்றார்.

ஜூலை 5, சனி

மீட்டர் பெட்டி கீழே வாசல் பக்கம். எங்கள் வீடு மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. தம்பியை வீட்டுக்குள் நிறுத்திவிட்டு நானும் தென்காசி அண்ணனும் கீழே இறங்கினோம். போனில் சொன்னதும் தம்பி வீட்டு மெயின் ப்ரேக்கரை அணைத்தான். மூன்று ஏசியும் ஃபிரிட்ஜும் நின்றுவிட்டன.

ஸ்மார்ட் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். கரண்ட் ஓடும் வேகத்துக்கு ஏற்ப அது கண் சிமிட்டும். எங்கள் மீட்டரின் முகப்பிலேயே போட்டிருக்கிறது: 1,000 சிமிட்டல் ஒரு யூனிட். வீட்டில் எல்லாம் நின்ற பிறகு அது சிமிட்டவே கூடாது. அதுவோ நொடிக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினார். அறுபது. மணிக்கு 3,600 சிமிட்டல், அதாவது 3.6 யூனிட். இரண்டு ஏசி.

“இப்ப பாருங்க” என்று சொல்லி, மீட்டரை ஒட்டியிருந்த ப்ரேக்கரைக் கீழே தள்ளினார். விளக்கு நின்றது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மொட்டை மாடியிலிருந்து செருப்புச் சத்தம் படபடவென்று இறங்கியது. லுங்கியும் பனியனுமாக நான்கு பெங்காலிகள். “கரண்ட் போய்விட்டது பாய், உங்களுக்கும் போய்விட்டதா?” என்று இந்தியில் கேட்டார்கள்.

மேலே போய்ப் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரமும் பிளைவுட்டும் வைத்து இரண்டு அறை. அறைக்கு ஒரு பழைய ஏசி. மே கடைசியில் குடிவந்தவர்கள். எங்கள் மாடியின் ஜங்ஷன் பாக்ஸிலிருந்து ஒரு வயர் கிளம்பி, படிக்கட்டுச் சுவரை ஒட்டி மேலே ஏறுகிறது. மீட்டருக்கும் எங்கள் வீட்டு மெயினுக்கும் நடுவில் கொக்கி. அண்ணன் பாக்ஸைத் திறந்து டார்ச் அடித்தார். முறுக்கி விட்ட இணைப்பில் டேப் உருகி, வயரின் தோல் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டு ஏசி இழுக்கிற சுமைக்கு அந்த வயர் பாதிப் பருமன்கூட இல்லை.

தஞ்சாவூர்க்காரர் அப்போதே அறுத்துவிட வேண்டும் என்றார். காக்கா விடவில்லை. “இந்த வெக்கையில நாலு பேரை ஏசி இல்லாம படுக்க வைக்கிறது ஹராம். அவன் என்ன செஞ்சான்?” என்றார். ஓர் ஏசி மட்டும் போட்டு நால்வரும் ஒரே அறையில் படுப்பது என்று பேசி, ப்ரேக்கரை மேலே ஏற்றினோம்.

ஜூலை 6, ஞாயிறு

மாடிக்காரர்கள் கட்டட வேலை பார்ப்பவர்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். அவர்கள் கம்பெனி விடிவதற்கு முன் ஆரம்பித்து 12 மணிக்கு முடித்துவிடுகிறது. தகர அறைக்குத் திரும்பினால் ஏசி போடாமல் நிற்கக்கூட முடியாது. ஜூனில் யூனிட் ஏறிய காரணம் இதுதான்.

மாத வாடகை 1,200 ரியால், கரண்ட் உட்பட என்று வாடகை பேசும் ஆபீஸான மக்தபில் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். கரண்ட்டுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கரண்ட்டுக்கு நாங்களும் கட்டியிருக்கிறோம். ஒரே சரக்கை இரண்டு பேரிடம் விற்றிருக்கிறார்கள். விற்றவர் ஒரு ஹலாலாகூடக் கட்டவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மக்தபில் இருப்பவர் சிரித்துக்கொண்டே அரபுக் காப்பியான காவா ஊற்றிக் கொடுத்தார். “மாஃபி முஷ்கில், பிரச்சினை ஒன்றும் இல்லை. கோடையில் எல்லாருக்கும் பில் ஏறும். பிடிக்கவில்லையென்றால் காலி செய்யுங்கள்.”

மின் நிறுவனத்தில் புகார் கொடுக்கலாமே என்று தம்பி கேட்டான். கொடுக்கலாம்தான். முதல் கேள்வியே நீ யார் என்பதாக இருக்கும். மீட்டர் முதலாளி பெயரில். ஈஜார் என்ற வாடகை ஒப்பந்தம், எங்களுக்கு முன்னால் இருந்து எக்ஸிட்டில் நிரந்தரமாக ஊருக்குப் போய்விட்ட ஒருவர் பெயரில். காகிதப்படி நாங்கள் ஐந்து பேரும் அந்த வீட்டில் இல்லவே இல்லை. வளைகுடாவில் கரண்ட் திருட்டு இவ்வளவு சுலபமாக நடப்பதற்குக் காரணம் திருடனின் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. பறிகொடுத்தவன் புகார் கொடுத்தால் அவன் இருப்பே கேள்வியாகிவிடும். இது வாடகைக்கு விடுகிறவருக்குத் தெரியும்.

ஜூலை 11, வெள்ளி

வெள்ளிக்கிழமை போன் பேச்சு முழுக்கக் கரண்ட்தான். குவைத்தில் இருக்கும் மச்சான் சொன்னான்: அங்கே 2017இல் அபார்ட்மெண்ட்டுகளுக்கு யூனிட் 5 ஃபில்ஸ் ஆனது, குடிமக்களின் சொந்த வீட்டுக்கு 2 ஃபில்ஸ் அப்படியே இருக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டுக்காரர் பெயரில் கரண்ட், தண்ணீர் பாக்கி இருந்தால் அதைக் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏற முடியும். துபாய் நண்பனுக்கு முதல் 2,000 யூனிட் வரை 23 ஃபில்ஸ், பிறகு படிப்படியாக 38 வரை. அதே பில்லில் வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக மாதாமாதம் பிரித்துச் சேர்ந்துவிடும். அவன் கட்டில் மட்டும் வாடகைக்கு எடுக்கும் பெட் ஸ்பேஸில் இருந்தபோது எல்லாம் உட்பட என்றுதான் பேச்சு. ஏசியை எப்போது போடுவது என்பதை ரூமைக் குத்தகைக்கு எடுத்தவர் முடிவு செய்வாராம்.

“நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுது? சென்னையில வாடகைக்கு இருக்கவன்கிட்ட வீட்டுக்காரன் யூனிட்டுக்கு எட்டு ரூவா பத்து ரூவா வாங்கலையா, இலவசம் நூறு யூனிட்டையும் சேத்து?” என்றார் தென்காசி அண்ணன். யாரும் மறுக்கவில்லை.

பேச்சு மங்காஃபில் வந்து நின்றது. 2024 ஜூன் 12 அதிகாலை, குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பில் தீ. மின்கசிவுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். இறந்தவர்களில் குறைந்தது 45 பேர் இந்தியர்கள்; அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அண்ணன் போனில் எடுத்து வைத்திருந்த அந்தக் காப்பி நிற வயரின் படத்தை மறுபடி பார்த்தோம். எங்கள் வீட்டுக்கு இருப்பதும் ஒரே படிக்கட்டு. பில்லை விட்டுவிடலாம், இதை விட முடியாது என்று முடிவானது.

ஜூலை 13, ஞாயிறு

இந்தத் தடவை காக்கா பேசினார். இருபது வருட அரபி. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. படத்தை மக்தபுக்காரர் முன் வைத்தார். “இது எரிந்தால் முதலில் தீயணைக்க சிவில் டிஃபென்ஸ் வரும். மீட்டர் யார் பெயர் என்று கேட்பார்கள். எங்கள் பெயர் அதில் இல்லை” என்றார். மக்தபுக்காரர் சிரிக்கவில்லை. அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டார்.

சாயங்காலமே எலக்ட்ரீசியன் வந்துவிட்டார். மாடி லைனை எங்கள் பாக்ஸிலிருந்து கழற்றி, பருமனான புது வயர் இழுத்து, படிக்கட்டு விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் இருக்கிற பொது மீட்டரில் சேர்த்தார். அந்த பில் முதலாளியுடையது. கூடக் கட்டிய 310 ரியால் திரும்ப வரவில்லை. வாடகையில் 150 கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். காக்கா பெயரில் புது ஈஜார் போட ஒப்புக்கொள்ள வைத்ததுதான் பெரிய லாபம். அது கையில் வந்ததும் மீட்டர் கணக்கையும் அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

புது பில்: 2,310 யூனிட், 478 ரியால். மாதத் தொடக்கத்தில் மாடி ஏசி ஓடியதும் இதில் அடக்கம். ஜூலை வெயிலுக்கு இது நியாயமான கணக்கு. தலைக்கு 96. தஞ்சாவூர்க்காரர் தம்பியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு கிலோ மாம்பழம் வாங்கி வந்து அவன் அறையில் வைத்துவிட்டுப் போனார்.

மாடியில் இருக்கும் நால்வருக்கு இந்த மாதத்திலிருந்து வாடகை 1,400. கரண்ட் எங்கள் மீட்டரிலிருந்து போனபோது கிடைத்த லாபம் முதலாளிக்கு; அது நின்றபோது வந்த செலவு அவர்களுக்கு. இதில் நியாயம் முழுதாக நடந்துவிட்டதாக நான் எழுதிவைக்கப் போவதில்லை.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வாடகை பேசும் முன் மீட்டர் யார் பெயரில், அந்த மீட்டரில் இன்னும் எத்தனை வீடு என்று கேளுங்கள். நாலு வீடு ஒரே மீட்டரில் இருந்தால் 6,000 யூனிட்டைச் சுலபமாகத் தாண்டும். மிச்சத்துக்கு 30 ஹலாலா கட்டுவீர்கள். முன்பணம் கொடுக்கும் முன் வீட்டு மெயினை அணைத்துவிட்டுக் கீழே போய் மீட்டரைப் பாருங்கள். சிவப்பு விளக்கு அப்போதும் சிமிட்டினால் அந்த வீடு வேண்டாம். ஒப்பந்தம் உங்களில் ஒருவர் பெயரிலாவது இருக்கட்டும். அது இல்லாமல் எத்தனை யூனிட் கணக்குப் போட்டு வைத்திருந்தாலும் யாரிடமும் காட்ட முடியாது.