தூண்டிற்கோலும் ஏழு வளையங்களும்

கணக்குப் படிப்பிப்பவனுக்கு ஒரு கர்வம் உண்டு. எந்தப் பொருளையும் அளந்து, பகுத்து, விடையின் கீழே இரட்டைக் கோடு கீறிவிட்டால் காரியம் முடிந்தது என்பது அவன் எண்ணம். பல ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு முன்னே நின்று நானும் அந்தக் கர்வத்தை வளர்த்து வந்தவன்தான். அதை அடக்கியவை ஏழு சிறு வளையங்கள் என்றால் நம்புவீர்களா?

எங்கள் வீடு கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் ஓரமாக இருக்கிறது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அந்தக் குளமே எங்கள் வயலுக்குத் தாய். ஐயா கமக்காரர், ஆயினும் ஓய்ந்த வேளையெல்லாம் வீச்சு வலையும் கையுமாகவே இருப்பார். 2008ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது அந்த வலையும் வீட்டோடு போயிற்று. மீண்டு வந்ததும் கூரை போடுமுன்னரே புது வலை தேடியவர் அவர். சில ஆண்டுகளுக்கு முன் பாரிசவாதம் வந்து அவருடைய வலது கை பலம் குன்றியது. வலை வீச இரு கையும் வேண்டும், இடுப்பும் வேண்டும். அன்றிலிருந்து திண்ணையில் அமர்ந்து குளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். தமக்கென்று ஒன்றும் கேட்கமாட்டார்.

கனடாவில் வாழும் தமக்கையின் மகன் சென்ற ஆண்டு வந்தபோது, கரிநாரினால் செய்த ஏழடி வெறுங்கோல் ஒன்றும், ரீல் ஒன்றும், ஒரு பொட்டலம் வளையங்களும் கொண்டுவந்தான். "மாமா, வளையத்தை நீங்களே கட்டுங்கோ. அம்மப்பாவின்ரை கைக்கு ஏத்தமாதிரிக் கட்டலாம்" என்றான்.

நம் ஊர்த் தூண்டிலில் வளையம் கிடையாது. கம்பின் நுனியில் நூலைக் கட்டிவிடுவோம். கம்பும் நூலும் எட்டுமட்டும்தான் மீன். நூல் ஓடவேண்டுமானால் வளையம் வேண்டும். ஆங்கில நாட்டில் ஐசக் வால்டன் என்பவர் 17ஆம் நூற்றாண்டிலேயே, பெரிய மீன் பிடிப்போர் கோலின் நுனியில் கம்பி வளையம் வைத்து நூலை ஓடவிடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்றாக இருந்த வளையம் பின்னர் பலவாயிற்று. பாரத்தைக் கோல் முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுப்பதும் அவற்றின் வேலையே.

நான் கணக்குப் போட்டேன். ரீலிலிருந்து நுனிவரை 70 அங்குலம். நுனி வளையம் நீங்கலாக ஏழு வளையம். ஆகவே எட்டு இடைவெளி. ஒவ்வொன்றும் எட்டே முக்கால் அங்குலம். மயிரிழை பிசகாமல் கட்டி முடித்து, ஐயாவைக் குளத்துக்கு அழைத்துச் சென்றேன்.

இடது கையால் கோலைப் பிடித்து எறிந்தார். ஈயக்குண்டு பத்துப் பாகம்கூடப் போகாமல் விழுந்தது. நாலைந்து முறை எறிந்தபின் ஏதோ ஒரு நல்ல மீன் கவ்வியது, கோல் வளைந்தது, மறுகணம் தங்கூசி அறுந்தது. ஐயா கோலை என்னிடம் நீட்டினார். "எனக்கினி இது சரிவராது, தம்பி. கை விளங்காது" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆசிரியன் பிழையாக விளக்கிய கணக்குக்குத் தன் மூளையை நொந்துகொள்ளும் மாணவனை நான் கண்டிருக்கிறேன். பிழை கையிலா, கோலிலா?

கட்டை அவிழ்த்தேன். வளையங்களை ஒட்டுநாடாவினால் தற்காலிகமாக ஒட்டி, பிடியை மேசையோடு கட்டி, தங்கூசியின் முனையில் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் தொங்கவிட்டேன். உண்மை கண்ணுக்குத் தெரிந்தது. கோல் அடியில் தடித்தது, நுனியில் மெலிந்தது. ஆகவே நுனிப்பக்கமே மிக வளைகிறது. அங்கே இடைவெளி அகன்றிருந்ததால் தங்கூசி கோலின் வளைவோடு செல்லாமல், வளையத்துக்கு வளையம் கூர்மையாக முறிந்து சென்றது. இழுவை முழுவதும் அந்த முறிவுகளிலேயே தங்கியது. எறி குன்றியதற்குக் காரணம் வேறு. ரீலிலிருந்து தங்கூசி நேராக வருவதில்லை. அகன்ற சுருள்களாக வருகிறது. முதல் வளையம் மிக அருகில் இருந்தால் சுருள் அதில் அடித்துத் தடைப்படும்.

போத்தலைத் தொங்கவிட்டும் எடுத்தும் இரண்டு இரவுகள் வளையங்களை நகர்த்தினேன். முடிவில் நுனியிலிருந்து இடைவெளிகள் 4, 5, 6, 7, 8, 9, 11 அங்குலம் என அமைந்தன; ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் இடையே 20 அங்குலம். முதல் வளையம் 25 மில்லிமீற்றர் அகலம். அடுத்தவை படிப்படியாகச் சிறுத்தன. இன்னும் இரண்டு வளையம் சேர்த்தால் வளைவு மேலும் சீராகும்தான். ஆனால் நுனியில் ஏறும் சிறு பாரமும் பிடியில் பெரிதாகத் தெரியும். தளர்ந்த கைக்கு அது ஆகாது. பின்னர் வளையங்களின் காலை அரத்தால் சரிவாக ராவி, நூலை நெருக்கமாகச் சுற்றி, கடைசித் தலைப்பைச் சுற்றுக்குள்ளேயே இழுத்து மறைத்து, வார்னிஷ் பூசினேன். அது காயுமட்டும் ஓரிடத்தில் திரளாதபடி என் மகன் கோலை உருட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு வியாழக்கிழமை மாலை மறுபடியும் போனோம். "கோலிலைதான் பிழை, ஐயா. நான் கட்டினது பிழை" என்று சொல்லிக் கொடுத்தேன். ஐயா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எறிந்தார். குண்டு சீறிக்கொண்டு போய்த் தூரத்தில் விழுந்தது. பொழுது சாயுமுன் இரண்டு திலாப்பியா. 1952ஆம் ஆண்டில் இலங்கைக் குளங்களுக்கு வந்த அந்த மீன் இப்போது நம்முடையதாகிவிட்டது. பெரியவை அல்ல; ஆனால் வலது கையால் ரீலை மெல்லச் சுற்றி அவரே கரைசேர்த்தார்.

வீடு திரும்பியதும், "நாளைக்கும் போவமே?" என்று கேட்டார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, மாமா" என்றாள் என் மனைவி.

"அப்ப சனிக்கிழமை" என்றார் ஐயா. தமக்கென்று ஒன்றைக் கேட்டு எத்தனை காலம்!