வெள்ளவத்தைக் காற்று

காலி வீதியின் ஆரவாரத்தை விடுத்து வெள்ளவத்தையின் ஓர் ஒழுங்கை வழியே மேற்கு நோக்கி நடப்போமாயின், சில நிமிடங்களில் புகையிரதப் பாதையும் அதற்கப்பால் கடலும் கண்ணிற் படும். மாலைக் கடற்காற்று அதே ஒழுங்கை வழியே ஊருக்குள் வருகின்றது. ஓட்டுக்கூரையும் அகன்ற விறாந்தையும் எதிரெதிர் யன்னல்களும் கொண்ட பழைய வீடுகள் வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை உள்ளே அழைத்தன. அவ்விடங்களில் இன்று தொடர்மாடிகள் எழுந்துள்ளன. அவற்றுட் பலவற்றில் யன்னலைச் சாத்திக் குளிரூட்டியை இயக்கியே உறங்குகின்றனர். மாத முடிவில் மின்கட்டணம் கண்டு மலைக்கின்றனர்.

இங்குள்ள பல குடும்பங்களின் பிள்ளைகள் கனடாவில் வாழ்கின்றனர். அந்நாட்டின் றெஜைனா நகரம் கடுங்குளிருக்குப் பேர்போனது. அங்கே 1977ஆம் ஆண்டில் வழக்கமான வெப்ப உலை இல்லாமலே ஒரு வீட்டைக் கட்டினர். தடித்த சுவர்களில் வெப்பங்காக்கும் பொருளை நிரப்பினர். காற்றுப் புகும் இடுக்குகளை அடைத்தனர். தெற்கு யன்னல்களால் குளிர்கால வெயிலை வரவேற்றனர். வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் புதுக்காற்றுக்கு அளிக்கும் கருவியொன்றையும் பொருத்தினர்.

அவர்கள் காற்றை அடைத்துச் சிக்கனங் கண்டனர். நாம் திறந்து காணவேண்டும். தத்தம் ஊரின் இயற்கையை அறிந்து கட்டுவதே இரண்டிற்கும் பொதுவிதி. 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா கொழும்பில் ஈனா டி சில்வாவுக்கு அமைத்த வீடு நடுமுற்றத்தைச் சூழ்ந்தது. நம் நாற்சார் வீட்டுக்கு உறவானது.

தொடர்மாடியில் வீடு வாங்க விழைவோர் விலையை வினவுமுன், பிற்பகல் மூன்று மணிக்கு அதன் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தல் நன்று.