காயிலும் கணக்கும்

ஓம் விதியைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியாச்சு என்று நிம்மதியாக பி.காம் படித்துக்கொண்டிருந்தேன். லண்டனில் இருக்கும் பெரியப்பா பையன் விடவில்லை. சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறிய அண்ணன், காயிலையும் தானே சுற்றப் போகிறாராம். (நம்மூரில் 2019-லிருந்து இதை விற்கவே தடை, கடை தேடாதீங்க!)

அவருடையது மெக்கானிக்கல் மாட். (மாடு இல்லைங்க.) காப்பாற்ற உள்ளே எந்த சர்க்யூட்டும் கிடையாது, பட்டனை அமுக்கினால் கரண்ட் நேராகக் காயிலுக்குப் போகும். 18650 பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட். அதை ஓமால் வகுத்தால் ஆம்பியர், அவ்வளவுதான். 1 ஓம் என்றால் 4.2 ஆம்பியர், சாது. அண்ணன் ஆசைப்பட்டது 0.15 ஓம். 28 ஆம்பியர்! அவர் பேட்டரி தாங்குவதோ 20. மிச்சம் 8-ஐ எந்தப் பேரேட்டில் எழுதுவது? 2018-ல் ஃபுளோரிடாவில் வேப் வெடித்து ஒருவர் இறந்தே போனார்.

கெஞ்சிக் கூத்தாடி 1 ஓமுக்குச் சுற்ற வைத்தேன். கம்பியின் பெயரே காந்தல்! கால்களை ஒட்ட நறுக்கி, ஓம் மீட்டரில் பார்த்த பிறகுதான் பேட்டரி. பஞ்சு வைக்கும் முன் விட்டு விட்டு சூடாக்கினால் நடுவிலிருந்து சிவக்கணும். ஒரு ஓரம் மட்டும் சிவந்தால், செராமிக் இடுக்கியால் நீவி விடணும்.

பஞ்சுதான் பேஜார். உள்ளே இழுக்கும்போது லேசாகப் பிடிக்கணும். இறுக்கினால் திரவம் ஏறாமல் கருகும், புகையில் ஃபார்மால்டிஹைடு வரும். லூசாக விட்டால் ஒழுகும். நன்றாக நனையும்வரை பட்டனைத் தொடவே கூடாது.

"புகை கம்மியா இருக்குடா" என்று அண்ணனுக்கு இன்னும் குறை. சர்க்யூட் உள்ள மாட் வாங்கும்வரை 1 ஓம்தான் என்று சொல்லிவிட்டேன்.