பௌர்ணமிக்கு ஒமாஹா, அஷ்டமிக்கு டராவா

ஜான் பட்டர்ஃபீல்டின் ‘டி-டே அட் ஒமாஹா பீச்’ ஆட்டத்தில் சீட்டுக்கட்டு வைத்ததுதான் சட்டம். எந்தப் படகு நேராகக் கரைசேரும், எது கிழக்கே அடித்துப்போகும், இந்தச் சுற்றில் எந்தத் துப்பாக்கி நிலை சுடும் என்று எல்லாவற்றையும் சீட்டு சொல்லும். ஒன்றுக்கு மட்டும் சீட்டு கிடையாது. கடல் ஏறுவதற்கு. சுற்றுகளை எண்ணும் பட்டையில் இன்ன கட்டத்தில் நீர் பாதி மணலுக்கு வரும், இன்ன கட்டத்தில் கரையை முட்டும் என்று அச்சடித்தே வைத்துவிட்டார்கள். 2009-இல் டெசிஷன் கேம்ஸ் வெளியிட்ட இந்த ஆட்டத்தை ஒருவர் தனியாகவே ஆடலாம். அமெரிக்கப் படை நம் கையில், ஜெர்மானியரைச் சீட்டுகள் நடத்தும். எனக்கோ ஆட ஆட, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பது நிலாதான் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

தொடக்கச் சுற்றுகளில் ஒன்று, 1944 ஜூன் 6, காலை ஆறரை மணி. 116-ஆவது ரெஜிமென்ட்டின் ‘ஏ’ கம்பெனிக் காயை மேற்குக் கோடியில், வியெர்வில் கிராமத்துக்கு ஏறும் பள்ளத்தாக்குக்கு நேர் எதிரே, கடல் கட்டத்தில் வைக்கிறேன். சின்ன அட்டைச் சதுரம், அதில் கம்பெனியின் பெயர். ஒரு சீட்டு எடுத்தால் கரையேறிவிடுகிறது. அடுத்த சீட்டில் நிறங்கள். அந்த நிறமுள்ள நிலைகள் எல்லாம் சுடும். ஒவ்வொரு நிலையிலிருந்தும் குண்டு பாயும் கட்டங்களில் சிறு புள்ளிகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ‘ஏ’ கம்பெனி நிற்கும் கட்டத்தில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன. காயைத் திருப்பிப் போட வேண்டியதுதான். திருப்பிய பக்கத்தில் எண் குறைந்திருக்கும்.

ஒரு கம்பெனி என்றால் ஏறக்குறைய 200 பேர். உண்மையில் அன்று இதே இடத்தில் இறங்கிய ‘ஏ’ கம்பெனி, இறங்கிய சில நிமிடங்களில் அதிகாரிகளை இழந்து செயலற்றுப் போனது. அதில் பலர் வர்ஜீனியாவின் பெட்ஃபோர்டு என்ற சிற்றூர்ப் பையன்கள். சுமார் 3,200 பேர் வாழ்ந்த ஊர். அந்த ஒரே நாளில் 19 பேர் போனார்கள். அமெரிக்காவின் தேசிய டி-டே நினைவகத்தை 2001-இல் அந்த ஊரில்தான் திறந்தார்கள். இதையெல்லாம் விளையாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பெயரில்லாத சிவப்பு, நீலக் கட்டைகளை நகர்த்தும் ஆட்டமாக இருந்தால் நானும் கேட்பேன். இங்கே கம்பெனியின் பெயர் காயில் இருக்கிறது. அதைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பெட்ஃபோர்டு ஞாபகத்துக்கு வரத்தான் செய்கிறது. வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோன கம்பெனியை இங்கே ஒரு பொழுது முழுக்கக் கூடவே வைத்திருக்க வேண்டும். அதற்குச் செய்யக்கூடியதும் கொஞ்சம்தான். டிவிஷனுக்குச் சுற்றுக்கு இரண்டே செயல்கள். தளபதி ஒருவர் கரையேறி வந்து சேரும்வரை மற்றக் காய்கள் பெரும்பாலும் தடைகளுக்குப் பின்னால் கிடக்க வேண்டியதுதான்.

அந்தத் தடைகள்தான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். ஜெர்மன் தளபதி ரோம்மெல், எதிரி நீர் ஏறியிருக்கும்போதுதான் வருவான் என்று கணக்குப் போட்டார். படகைவிட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் ஓடினால் கரைமேடு வந்துவிடும், எவன்தான் முழு மணலையும் குண்டடிபட்டுக் கடக்க வருவான்? ஆகவே உயர்நீரில் மூழ்கி மறையும்படி மரக்கம்பங்களையும் இரும்புச் சட்டங்களையும் நட்டு, நுனியில் கண்ணிவெடி கட்டினார். இதை விமானப் படங்களில் பார்த்த நேச நாடுகள் தாழ்நீரில் இறங்க முடிவெடுத்தன. தடைகள் கண்ணில் படும், படகு முட்டாது. ஆனால் அதற்கு விலை, ஏறக்குறைய 300 கெஜம் மறைவில்லாத மணல். அதோடு நீர் ஏறுவதற்குள் பொறியியல் படை தடைகளை வெடிவைத்துத் தகர்த்து 16 வழிகள் திறந்தாக வேண்டும். முழுமையாகத் திறந்தவை ஆறு. அந்த ஆறில் கொடி நட்டு அடையாளம் காட்ட முடிந்தது ஒன்றில்தான். கிழக்குப் பாதியில் நீந்தி வரவேண்டிய டாங்குகள் 29 கடலில் இறக்கப்பட்டு 27 மூழ்கின. ஆட்டத்தில் நீர் ஏறும் சுற்று வந்ததும், கரையோரக் கட்டங்களில் பதுங்கியிருக்கும் காய்களை மேலே தள்ளியாக வேண்டும். மேலே போனால் புள்ளிகள் நெருங்கும், கீழே இருந்தால் கடல்.

300 கெஜ மணல் என்பதைக் கண்ணால் பார்க்காமல் நம்புவது நம் ஊர்க்காரருக்குக் கஷ்டம். சென்னையில் பெரிய ஓதமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். நாம் அலையைப் பார்த்து வளர்ந்தவர்கள், ஓதத்தைப் பார்த்ததில்லை. நான் பார்த்தது குஜராத்தில், பாவ்நகரை அடுத்த கோலியாக்கில். அங்கே கடலுக்குள் ஒரு பாறைத்திட்டு, அதன் மேல் ஐந்து சிவலிங்கங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நந்தி. நிஷ்களங்க மகாதேவர் என்று பெயர். பாரதப் போரின் பாவம் தீரப் பாண்டவர் வழிபட்ட இடம் என்கிறார்கள். நாங்கள் போனது அமாவாசைக்கு மறுநாள். கரையில் நின்றபோது தெரிந்ததெல்லாம் தண்ணீரும், தூரத்தில் ஒரு கொடிக்கம்பமும். தேநீர்க் கடைக்காரர், “உட்காருங்க பாய், வழி வரும்” என்றார். வந்தது. தண்ணீர் பின்னால் போவது கண்ணுக்குத் தெரியவில்லை. சற்று வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஈர மண் கூடியிருக்கும். கடைசியில் பூக்கூடைக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், கோலூன்றிய கிழவர்கள் என ஒரு கூட்டமே கடலுக்குள் நடந்து போனது. சேறு கணுக்கால்வரை. நந்தியின் கொம்புக்கிடையில் பாசி. லிங்கத்தைச் சுற்றித் தேங்கிய உப்புநீரில் சிறு நண்டுகள். திரும்புகிற நேரத்தைப் பூசாரி சொன்னார். அவர் கடிகாரம் பார்க்கவில்லை, திதியைச் சொல்லி நேரத்தைச் சொன்னார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் எந்நேரத்துக்கு எவ்வளவு விலகும் என்பது அந்தக் கரைக்கு மாறாத வழக்கம்.

ஒமாஹா கடற்கரை இருக்கும் நார்மண்டிக்கும் அதே கதைதான். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் அங்கே தாழ்நீர் விடியற்காலையில் வரும். பாராசூட் படைக்கு நிலா வெளிச்சம் வேண்டும், படகுகளுக்கு விடிந்ததும் தாழ்நீர் வேண்டும். இரண்டும் சேரும் நாட்கள் ஜூன் 5, 6, 7. ஆறாம் தேதி பௌர்ணமி. நேச நாடுகளின் தலைமைத் தளபதி ஐசனோவர் இந்த மூன்று நாட்களைத் தவறவிட்டிருந்தால் அடுத்த வாய்ப்பு ஜூன் 19-ஐ ஒட்டி, நிலா இல்லாத இரவுகளில். அந்த 19-ஆம் தேதி கிளம்பிய புயல்தான் ஒமாஹாவில் கட்டிய செயற்கைத் துறைமுகத்தை நாசமாக்கியது.

இந்த நேரங்களைக் கணித்தவர் ஆர்தர் டூட்சன். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், பிட்ஸ்டன் குன்றின் மேலிருந்த ஆய்வகத்தில் ஓதக் கணக்கே வாழ்க்கையாக இருந்தவர். காது கேளாதவர். முதல் உலகப்போரில் மனசாட்சியின் பெயரால் படையில் சேர மறுத்தவர். ஆனாலும் அந்தப் போரிலேயே பீரங்கிக் குண்டுகள் பறக்கும் பாதையைக் கணக்கிடும் வேலையைச் செய்தார். அந்த இரண்டையும் ஒரே மனிதர் எப்படித் தாங்கினார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். 1943 அக்டோபரில் கடற்படையின் ஓதப் பிரிவிலிருந்து கமாண்டர் ஃபார்க்குஹர்சன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் சில ஜோடி எண்கள் இருந்தன, ஊர்ப் பெயர் இல்லை. ‘இடம் இசட்’ என்று மட்டும். 1944 ஏப்ரல் முதல் நான்கு மாதத்துக்கு அந்த இடத்தின் நீர்மட்டம் வேண்டும். லெ ஹாவ்ர், ஷெர்பூர் துறைமுகங்களுக்குப் பழைய கணக்கு இருந்தது. நடுவில் கிடந்த திறந்த கரைக்கு இல்லை. இருட்டில் அந்தக் கரைக்குப் போய் மண்ணையும் நீரையும் அளந்துவந்த சிறு குழுக்களின் குறிப்புகளை வைத்தே ஃபார்க்குஹர்சன் அந்த எண்களைத் திருத்தியிருந்தார்.

டூட்சனிடம் இரண்டு பித்தளை இயந்திரங்கள். கிணற்று ராட்டினங்களை வரிசையாக மாட்டியதுபோல் கப்பிகள், அவை எல்லாவற்றையும் ஏறி இறங்கிக் கடக்கும் ஒரே கம்பி. ஒரு கப்பி நிலாவின் இழுப்பு, ஒன்று சூரியனின் இழுப்பு, ஒன்று நிலா நெருங்கி விலகுவதால் வரும் மாற்றம், இன்னொன்று அதன் பாதையின் சாய்வு. கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வொன்றும் தன் தாளத்தில் ஏறி இறங்கும். எல்லா ஏற்ற இறக்கமும் கம்பியில் கூடி, அதன் நுனியிலிருக்கும் பேனா வருங்காலக் கடலின் மட்டத்தைத் தாளில் வரையும். ஒரே குண்டில் இரண்டும் போய்விடாதபடி இயந்திரங்களைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றை வடிவமைத்த எட்வர்ட் ராபர்ட்ஸ், அதற்கு முன்பே 1879-இல் இந்திய அரசுக்காக ஓர் ஓத இயந்திரம் செய்துகொடுத்தவர். நம் துறைமுகங்களின் ஓத அட்டவணைகள் லண்டனில் அதன் கப்பிகளில்தான் பிறந்தன.

பட்டர்ஃபீல்டு நீருக்குச் சீட்டு வைக்காததன் நேர்மை எனக்கு இங்கேதான் பிடிபட்டது. அந்தக் காலையில் காற்று, மேகம், துணிச்சல், படகோட்டியின் கை எதையும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. கடலின் ஏற்றம் மட்டும் பல மாதங்களுக்கு முன்பே தாளில் எழுதிவைத்தபடி வந்தது.

அதே விதிகளைக் கொண்டு பட்டர்ஃபீல்டு பிறகு டராவாவுக்கும் ஓர் ஆட்டம் செய்தார். பசிபிக்கில், கில்பர்ட் தீவுகளில், டராவாவைச் சேர்ந்த பெட்டியோ என்ற துண்டுத் தீவு. 1943 நவம்பர் 20. சுற்றிலும் பவளப்பாறைத் திட்டு. அதைத் தாண்டப் படகுகளுக்கு ஏறக்குறைய நாலடி நீர் வேண்டும். அந்தத் தீவுகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த மேஜர் ஃபிராங்க் ஹாலண்டு, அந்த நாட்களில் அவ்வளவு நீர் இருக்காது என்று எச்சரித்தார். இருந்தும் அமெரிக்கப் படையினர் போகத்தான் போனார்கள். பாறைமேல் ஊர்ந்து ஏறும் சங்கிலிச் சக்கர ஊர்திகளில் வந்த முதல் அணிகள் கரை தொட்டன. பின்னால் வந்த படகுகள் திட்டின் விளிம்பில் தட்டி நின்றுவிட்டன. வீரர்கள் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, 500 கெஜத்துக்கும் மேல் நீரில் நடந்தார்கள், எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். நான்கு நாட்களுக்குள் முடிந்த சண்டையில் சுமார் 1,000 அமெரிக்கர்கள் இறந்தார்கள். காவலுக்கிருந்த ஜப்பானியரில் உயிரோடு பிடிபட்டவர்கள் மிகச் சிலரே.

ஏன் நீர் ஏறவில்லை என்பது நெடுநாள் புதிராகவே இருந்தது. 1987-இல் டொனால்டு ஓல்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் நிலாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அது தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள். சூரியனும் நிலாவும் குறுக்கும் நெடுக்குமாக இழுக்க, ஓதம் சிறுத்துப்போகும் நேரம். போதாததற்கு நிலா பூமியைவிட்டு மிகத் தொலைவில் போயிருந்தது. இரண்டும் சேர்ந்ததில் கடல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்காதே என்று பாட்டி சொல்லக் கேட்டவர்கள் நாம். அந்தப் பேச்சுக்கும் பவளப்பாறைக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் ஓல்சனின் கண்டுபிடிப்பைப் படித்த இரவு அந்த ஞாபகம் வராமலில்லை. டராவா ஆட்டத்தில் படகுகள் விளிம்பில் நிற்கும்போது, கணித்துவிடக்கூடிய ஒன்றைக் கணிக்காமல் போனதற்காக இவ்வளவு பேரா என்று மனம் ஆறுவதில்லை.

போர் ஆட்டங்களைப் பொழுதுபோக்கு என்று தள்ளுபவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். ஜூன் 6 அன்று ஜெர்மன் ஏழாவது படையின் தளபதிகள் ரென் நகரில் கூடி, எதிரி வந்திறங்கினால் என்ன செய்வது என்று வரைபடத்தில் ஆடிப்பார்ப்பதாக ஏற்பாடு. அந்த ஆட்டத்துக்குக் கிளம்பிப் போன ஜெனரல் ஃபாலி, விமான இரைச்சல் கேட்டுப் பாதி வழியில் திரும்பினார். தன் தலைமையகத்துக்கு அருகிலேயே அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டாவது, 1974-இல் பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் நடந்தது. 1940-இல் ஹிட்லர் இங்கிலாந்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆடிப்பார்த்தார்கள். நடுவர்களில் ஒருவர் அட்மிரல் ஃபிரீட்ரிஷ் ரூகே. நார்மண்டியில் ரோம்மெலுக்குக் கடற்படை ஆலோசகராக இருந்தவரே அவர். ஒரு கரையை நிஜமாகக் காத்தவர், முப்பது ஆண்டு கழித்து எதிர்க்கரையில் தன் நாட்டின் கற்பனைப் படையெடுப்புக்குத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தார். ஆட்டத்தில் ஜெர்மானியர் கரையேறிவிட்டார்கள். பின்னால் வரவேண்டிய படைகளையும் சாமான்களையும் ஆங்கிலக் கால்வாயில் பிரிட்டிஷ் கப்பற்படை மறித்துவிட்டது. இறங்கியவர்கள் தோற்றார்கள். மேஜை மேலும் தண்ணீர்தான் முடிவைச் சொன்னது.

எனக்கு இப்போது இஞ்சோனுக்கு இதே நேர்மையோடு ஓர் ஆட்டம் வேண்டும். கொரியா, 1950 செப்டம்பர் 15. அங்கே ஓதம் ஒன்பது மீட்டருக்கு மேல், நீர் இறங்கினால் மைல் கணக்கில் சேறு. காலைப் பெருக்கில் ஒரு பட்டாலியன் வோல்மி தீவில் இறங்கிப் பிடித்தது. நீர் வற்றியதும் துணைக்கு ஒரு படகும் அண்ட முடியாது. அடுத்த அணிகள் வர மாலைப் பெருக்கு வரைக்கும் காத்திருக்க வேண்டும், கிட்டத்தட்ட 11 மணி நேரம். இதை ஆட்டமாக்கும் யாருக்கும் அந்த வெற்றுச் சுற்றுகளைத் தாண்டிப் போக விதியில் இடம் கொடுக்கத் தோன்றும். கொடுக்கக் கூடாது. ஒவ்வொன்றாக எண்ணி நகர்த்தவைக்க வேண்டும், அந்த ஒரே ஒரு காயைச் சேற்றின் நடுவில் வைத்துக்கொண்டு.