உருண்டு நின்ற போளை

"தள்ளினதும் ஓடின போளை ஏன் சேர் நிக்கிது?"

ஆறாம் தரத்தில் விசையும் இயக்கமும் படிப்பித்துக்கொண்டிருந்தபோது பின் வாங்கிலிருந்து வந்த கேள்வி. கேட்டவன் ஒரு கரைவலைத் தொழிலாளியின் மகன். வகுப்பில் அதிகம் வாய் திறவாதவன்.

"கொடுத்த விசை முடிந்துவிட்டது, அதுதான்" என்றேன். தலையாட்டிவிட்டு இருந்துவிட்டான்.

இரவு பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நான் சொன்னது பிழை. எரிந்து தீர்ந்துபோவதற்கு விசை என்ன விளக்கில் ஊற்றிய மண்ணெண்ணெயா? கை விட்ட கணமே தள்ளிய விசை இல்லை. ஓடும் பொருளை நிறுத்துவதற்கும் ஒரு விசை வேண்டும். கலிலியோ சாய்தளங்களில் குண்டுகளை உருட்டிக் கண்டதும், 1687இல் நியூற்றன் விதியாக எழுதிவைத்ததும் இதைத்தானே! கலாசாலையில் இதை மனனம் செய்து எழுதிப் புள்ளியும் வாங்கியவன் நான்.

மறுநாள் வெண்கட்டியைத் தொடவில்லை. பிள்ளைகளை விறாந்தைக்கு அழைத்துச் சென்றேன். நெடுக்காகப் பிளந்த குழாய்த்துண்டொன்றை இரண்டு கொப்பிகளின் மேல் சாய்த்து வைத்தோம். ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்திலிருந்து, தள்ளாமல், போளையை விடவேண்டும். அப்போதுதான் அது ஒரே வேகத்தில் கீழே வரும். பரப்பிய கடல் மணலில் ஒரு சாண்கூட ஓடவில்லை. பன்பாயில் இரண்டு முழம். சீமெந்துத் தரையிலோ விறாந்தை முடிந்து முற்றத்தில் விழுந்தது. மூன்று மூன்று தரம் அளந்து எழுதினார்கள்.

"போளை ஒண்டுதான் சேர். மண்தான் கூடப் புடிக்கிது" என்றான் அவன். "வாப்பாக்கள் தோணிய மண்ணுல சும்மா இழுத்தா வராது. அடியில கட்டை போட்டு உருட்டினாத்தான் வரும்."

உராய்வு என்ற சொல்லை அதன் பிறகுதான் சொன்னேன்.

"ஒன்றுமே பிடிக்காவிட்டால்?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அப்ப நிக்காதா சேர்?" என்று அவனே மெதுவாகக் கேட்டான்.

"நிற்காது. நேற்று நான் சொன்னது பிழை."

ஊரில் 'சேர்' பிழை சொல்வதில்லை. அதனால் அந்த ஒரு வசனம் எனக்கு இலேசில் வரவில்லை. பிள்ளைகளோ அதைப் பெரிதாக எடுக்கவேயில்லை. ஒருத்தி மட்டும் அழிறப்பரை எடுத்தாள். "அழிக்காதீங்க மகள், கீழே சரியானதை எழுதுங்க" என்றேன்.

இவர்கள் எழுதிக்கொண்டார்கள். இதே பதிலை முன்னைய வருடங்களில் என்னிடம் கேட்டு எழுதியவர்களின் கொப்பிகளை எங்கே தேடுவேன்? அவர்களில் ஒருவர் இப்போது ஆசிரியர்.