பாலிசியில் ஒரு வரி



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தேவனேரிக்காரன் ஒருவன் போன வாரம் படகு இன்சூரன்ஸ் பாலிசியோடு வந்தான். "டீச்சர், க்ளைம் தர மாட்டேங்கறாங்க. ஏன்னு படிச்சுச் சொல்லுங்க." ஃபைபர் படகு கவிழ்ந்து இன்ஜினும் போச்சு. கடன் இன்னும் அடையவில்லை.

பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி: கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் மட்டும். சுமார் 22 கிலோமீட்டர். இவன் படகு கவிழ்ந்தது அதைத் தாண்டி.

"மீன் இருக்கற இடத்துக்குத்தானே டீச்சர் போவோம்?"

எனக்குப் பதில் வரவில்லை. 1963ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு ரொம்பக் கறார். பாலிசியில் கொடுத்த உறுதியை மீறினால், மீறிய நாளிலிருந்து கம்பெனிக்குப் பொறுப்பில்லை. அதனால் ஆபத்து கூடியதா என்பது கேள்வியே இல்லை.

கோர்ட்டு எப்போதும் கம்பெனி பக்கம் என்றும் சொல்ல முடியாது. 2013 ஜூனில் மும்பையிலிருந்து கொல்கத்தாவுக்குக் கிளம்பிய சோஹம் ஷிப்பிங் கப்பல் (நம் மாமல்லபுரம் கடலைக் கடந்துதான் போயிருக்கும்) ரத்னகிரி அருகே தரைதட்டியது. மழைக்காலத்துக்கு முன் பயணம் முடிய வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பாதையில் அப்போது அது நடக்காத காரியம் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் கப்பல்காரர் பக்கம் நின்றது.

இவனுக்கு அது அப்படியே பொருந்தாது. 12 மைலுக்குள் நிற்க முடியாததல்லவே. ஆனால் பாலிசி விற்றவர் அந்த வரியை இவனுக்குச் சொல்லவே இல்லையாம். அதை வைத்துச் செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். வக்கீலான பிள்ளைகள் யாராவது ஒருமுறை பார்த்துக் கொடுங்களேன்.